பல் விழுவது பரம்பரையா?

“எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சீக்கிரமே பல் விழுந்துவிடும், எனக்கும் அப்படித்தான்” என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தோழியரே, இது உண்மையா என்று சற்று ஆராய்வோமா?

ஒவ்வொரு பல்லும் தாடை எலும்பிலுள்ள குழியில் பொருந்தி நிற்கிறது. பல்லின்மேல் படியும் அழுக்கில் கிருமிகள் பெருகினால் ஈறு வீங்கும். அக்கிருமிகளோடு உடல் நடத்தும் போரில் சிலருக்கு அந்த எலும்பும் கரைந்துவிடும். எலும்பு தேய்ந்தால், சொத்தையில்லாத பல்லும் ஆடி விழும்.

இத்தேய்வு எல்லோருக்கும் ஒன்றுபோல் இராது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் மருத்துவ வசதியே பெறாத 480 ஆண் தொழிலாளரை 1970 முதல் 1985 வரை அறிஞர்கள் கவனித்தனர். எல்லோர் பல்லிலும் அழுக்கு இருந்தது. ஈறு வீக்கமும் இருந்தது. ஆயினும் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாகவும், 81 பேருக்கு மிதமாகவும் முற்றியது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது!

இந்த வேறுபாடு ஏன்? அமெரிக்காவில் 117 ஜோடி இரட்டையரைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இவ்வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதிக்கு மரபணுக்களே காரணம் என்று கணித்தது.

மரபணு தருவது கிருமியை எதிர்க்கும் உடலின் இயல்பைத்தான், பல்லழுக்கை அன்று. ஆகவே, பெற்றோருக்குப் பல் ஆடினால், நாம் சோர்ந்துவிடாமல் இருமடங்கு கவனம் கொள்ள வேண்டும். காலையிலும் இரவு உணவுக்குப் பின்னும் பல் துலக்குவோம். ஈறில் இரத்தம் கசிந்தால் மருத்துவரிடம் காட்டுவோம். வீட்டுப் பெரியவர்களைப் புகைபிடிப்பதை விடும்படி அன்போடு வேண்டுவோம்.