உப்புக்காற்றில் ஒரு கார் ஏசி

பழவேற்காடு ஏரிப் படகுத்துறையில் ஐஸ் வண்டி வந்து நின்றதும் காலை வியாபாரம் சூடுபிடித்துவிடும். பார் பாராக இறங்கும் ஐஸை உடைத்து, இறால் பெட்டியிலும் மடவை பெட்டியிலும் அள்ளிப் போடுவார்கள். அந்த ஐஸை உறைய வைக்கும் ஆலையும், பக்கத்தில் நிற்கும் என் காரின் ஏசியும் செய்வது ஒரே வேலை. குளிரூட்டும் கேஸாக ஐஸ் ஆலைகளில் பெரும்பாலும் அமோனியா சுற்றிவருகிறது. கார்களில் ஆர்134ஏ, புதிய வண்டிகள் சிலவற்றில் ஆர்1234ஒய்எஃப்.

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். நான்கு வருடமாக வாரம் ஒருமுறையாவது அங்கே போய் வருகிறேன். ஏசி பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கரையில் கற்றது.

இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் கரையேறும்போது கவனித்தால், ஏசியின் சூட்சுமம் புரியும். வெயில் சுள்ளென்று அடித்தாலும், ஈரச் சேலையில் காற்று பட்டதும் உடம்பு வெடவெடக்கும். ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் நடப்பதும் இதுதான். சாதாரண காற்றழுத்தத்தில் ஆர்134ஏ மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். காயிலுக்குள் அழுத்தம் குறைந்து அது ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் இறுக்கிச் சூடாக்கி முன்பக்கம் அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகிறது. அங்கிருந்து ஈரத்தை உறிஞ்சும் டிரையர், பிறகு மெல்லிய துவாரமுள்ள எக்ஸ்பேன்ஷன் வால்வு, மறுபடியும் கூலிங் காயில். மூடிய வளையம்; அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

இந்தக் கடைசி விஷயம் புரியாததால் நான் இழந்தது இரண்டு முறை கேஸ் அடித்த காசு. மூன்றாவது வருடக் கோடையில் குளிர்ச்சி குறைந்தது. ஒரு பட்டறையில் கேஸ் நிரப்பினார்கள். இரண்டே மாதத்தில் பழைய கதை. மறுபடியும் நிரப்பினார்கள். மூன்றாவது தடவை பொன்னேரிப் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். "சார், கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? குறைஞ்சா எங்கேயோ ஓட்டைனு அர்த்தம்" என்றபடி பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். கண்டென்சரின் கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை, அதில் மணல் அப்பியிருந்தது. கம்ப்ரசருக்கான எண்ணெய் கேஸோடு கலந்தே ஓடுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். சுற்றியிருந்த அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்து, விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தன. உப்புக்காற்றின் வேலை.

கண்டென்சரையும் டிரையரையும் மாற்றி, அரை மணி நேரம் வேக்கம் போட்டு உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகுதான் கேஸ் ஏற்றினார். ஈரம் தங்கினால் அமிலம் உண்டாகி உள்பாகங்களை அரிக்கும். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து, அதில் உள்ள கிராம் கணக்குப்படியே நிரப்பினார். கூடுதலாக ஏற்றினாலும் குளிராது, கம்ப்ரசருக்குத்தான் கேடு.

ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பதில் இன்னொரு தீங்கும் இருக்கிறது. வெளியேறும் ஆர்134ஏ, 100 ஆண்டுக் கணக்கில், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்கும். கடல்மட்டம் ஏறினால் முதலில் தண்ணீர் புகுவது இந்த ஏரிக்கரைக் குப்பங்களில்தான். எனக்கு இது காசைவிடப் பெரிதாகப் படுகிறது.

இப்போது ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் முன்பக்கக் கம்பி வலை வழியாகக் கண்டென்சரில் நல்ல தண்ணீர் விடுகிறேன், சாதாரணக் குழாயில். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கிக் காற்று போகாது. மழைக்காலத்திலும் வாரம் பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுகிறேன். எண்ணெய் சுற்றினால்தான் கம்ப்ரசரின் சீல் காயாமல் இருக்கும். ஊர் சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் விட்டால் காயில் உலர்ந்துவிடும், புழுக்க நாற்றம் வராது. கேபின் ஃபில்டரை மணல் காற்றுக்குப் பயந்து சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுகிறேன். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்லதுதான். அது நின்று, முன் சீட்டுக் கால்மிதி நனைந்தால் வடிகுழாயில் மண் அடைத்திருக்கும்.

படகுக்காக விடியற்காலையிலேயே வந்து காத்திருக்கும் ஓட்டுநர்கள் சிலர், இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏசியில் தூங்குகிறார்கள். சைலன்சரில் கசிவிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அப்படி யாரையாவது பார்த்தால் கண்ணாடியைத் தட்டி எழுப்பிவிடுவேன். திட்டுவார்கள். எழுந்து இன்ஜினை அணைத்தால் போதும். துறையில் அந்த நேரத்துக்கு ஏரிக்காற்று தாராளமாகவே வீசுகிறது.