வீட்டு ப்ளக்கில் கேரவன்: ஏசி ஓடும், எர்த் இருக்கா?

பூந்தமல்லி தாண்டி ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி பக்கம் போயிருந்தா கேரவன் பார்த்திருப்பீங்க. உள்ளே ஏசி, பிரிட்ஜ், மேக்கப் லைட் எல்லாம் உண்டு. ஷூட்டிங்கில் ஜெனரேட்டர் ஓடும். ஷூட்டிங் இல்லாத நாளில் அந்த வண்டி அம்பத்தூரில் ஒரு வீட்டு வாசலில் நிக்குதுன்னு வைங்க. வீட்டு ப்ளக்கிலிருந்து ஒயர் இழுத்து ஏசி போடலாமா?

போடலாம். ஆனா யூடியூபில் வர்ற அமெரிக்கக் கணக்கு இங்கே பொருந்தாது. அங்கே சாதாரண வீட்டு ப்ளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். மொத்தம் 1800 வாட்தான். அதனாலதான் ஏசி ஓடும்போது மைக்ரோவேவ் போடாதேன்னு சொல்றாங்க. நம்ம 16 ஆம்பியர் பவர் ப்ளக் 230 × 16 = 3680 வாட். அவங்க கேரவன் பார்க்கில் தனியா வெச்சிருக்கிற 30 ஆம்பியர் பாயிண்டே 3600 வாட்தான்! ஒரு டன் ஏசிக்கு சுமார் 1200 வாட், கூட பிரிட்ஜ், பேட்டரி சார்ஜர், லைட் எல்லாம் தாராளமா ஓடும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்தா எல்லைக்கு வந்துடும். செல்போன் சார்ஜ் போடுற 6 ஆம்பியர் ப்ளக் இதுக்கு ஆகாது.

ஒயர் விஷயம் சின்ன கணக்கு. 1.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர், 20 மீட்டர். போக வர 40 மீட்டருக்கு ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.48 ஓம். 13 ஆம்பியர் போனா 80 வாட் வெப்பம். நீட்டிப் போட்டா காத்தில் போயிடும். டிரம்மில் சுத்தினபடியே விட்டா இன்சுலேஷன் உருகும். 2.5 சதுர மி.மீ. வாங்கி, முழுசா அவிழ்த்துப் போடுங்க.

இனிதான் முக்கியமான இடம். வண்டி நிக்கிறது ரப்பர் டயர் மேல. உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் தேய்ஞ்சு பாடியில் பட்டா, அந்த கரண்ட் திரும்பிப் போக ஒரே வழி கேபிளில் இருக்கிற எர்த் ஒயர்தான். வீட்டு எர்த் குழி பழசு, வெயில்ல காஞ்சு 50 ஓம் காட்டுதுன்னு வைங்க. 230 ÷ 50 = 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு லோடு மாதிரிதான் தெரியும். ட்ரிப் ஆகவே ஆகாது. வண்டி பாடி முழுக்க கிட்டத்தட்ட 230 வோல்ட்டில் நிக்கும். அதே எர்த்தில் இருக்கிற வீட்டு பிரிட்ஜ் கைப்பிடியும்தான். ஐப்பசி மழையில் ஆவடி தெருவில் தண்ணி நிக்கும்போது, செருப்பில்லாம ஒருத்தர் கேரவன் கதவைத் தொட்டா? நனைஞ்ச உடம்பை 1000 ஓம்னு எடுத்தா 230 மில்லி ஆம்பியர். உயிர் போக அது போதும்.

இதைப் பிடிக்கிறது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் வந்ததும் சமமான்னு மட்டும் அது பார்க்கும். வித்தியாசம் வந்தா நொடியில் மூணில் ஒரு பங்குக்குள்ள ஆஃப். எர்த் மோசமா இருந்தாலும் வேலை செய்யும். அதை வீட்டுப் பக்கம் போடணும், அப்பதான் கேபிளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. வாரம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க.

நம்ம ஈஈஈ பசங்க உடனே மல்டிமீட்டரை எடுப்பாங்க. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டுது, எர்த் சூப்பர்னு முடிவு பண்ணிடாதீங்க. மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் சுமார் 10 மெகா ஓம். எர்த் 500 ஓம் இருந்தாலும் அது 230தான் காட்டும். எர்த் டெஸ்டர் வெச்சிருக்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடணும். உப்பும் கரியும் போட்ட குழின்னா கோடையில் தண்ணி ஊத்தணும்னு பெரியவங்க சொல்றது சும்மா இல்லை.

ரெண்டு விஷயம் மிச்சம். ஜெனரேட்டரும் வீட்டு கரண்ட்டும் ஒரே நேரத்தில் சேரவே கூடாது. நடுவில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கணும். வெளியில் இணைப்புக்கு, அம்பத்தூர் எஸ்டேட் பேக்டரிகளில் பார்க்கிற நீல நிற இண்டஸ்ட்ரியல் ப்ளக் போடுங்க, தரையில் படாம தூக்கிக் கட்டுங்க. முதல்ல வண்டிப் பக்கம் மாட்டி, அப்புறம் வீட்டு சுவிட்சைப் போடணும். கழட்டும்போது முதல்ல சுவிட்ச் ஆஃப், வண்டிப் பக்கம் கடைசியில்.