நாற்பது நிமிஷ வாசிப்பு

அன்புள்ள மாணவிக்கு,

வருகிற டிசம்பர் மாதத்தில் நடக்கவிருக்கும் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலைக்கு நீ ஆயத்தம் செய்துகொண்டிருப்பதையும், மற்றப் பகுதிகளில் ஓரளவு தேறிவிட்ட போதிலும், வாசித்துக் கிரகிக்கும் பகுதியில் மட்டும் எவ்வளவு பிரயாசைப்பட்டும் மதிப்பெண் நின்ற இடத்திலேயே நிற்பதையும் விவரித்து, நீ தமிழிலேயே எழுதியிருந்த கடிதம் கிடைத்தது. உங்கள் நாட்டு வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய 1963-ஆம் ஆண்டு முதலாகச் சீனத்தில் தமிழ் கற்றவர்களின் பரம்பரை ஒன்று, சிறியதாயினும் அறுபடாமல், தொடர்ந்து வருகிறது. அந்தப் பரம்பரையில் நீயும் ஒருத்தி என்பதால், பெய்ஜிங்கிலிருக்கும் ஒரு பெண்ணோடு ஆங்கிலத்தைப் பற்றித் தமிழில் பேசும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. நீ தமிழ் கற்றிருப்பது இந்த விஷயத்தில் உனக்கே ஒரு சகாயமாக இருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1987-இல் நான்காம் நிலையும், 1989-இல் ஆறாம் நிலையும் தொடங்கப்பட்ட இத்தேர்வு, பல தலைமுறை மாணவர்களின் இளமையில் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை அறிவேன். பட்டத்தோடு அதைப் பிணைத்து வைத்திருந்த கல்லூரிகளும், வேலைக்கு வருபவரிடம் முதலில் அதன் மதிப்பெண்ணைக் கேட்கிற நிறுவனங்களும் இருக்கையில், ‘அதைப் பொருட்படுத்தாதே’ என்று உனக்கு நான் எழுதினால் அது பொறுப்பற்ற உபதேசமாகும். 710 மதிப்பெண்ணில் 425 பெற்றால்தான் ஆறாம் நிலைக்கு உட்கார முடியும். மொத்தத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு வாசிப்புக்கு உரியது. அதற்குத் தரப்படும் அவகாசமோ 40 நிமிஷம். ஆகவே உன் கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கவலைக்குப் பரிகாரமாக நீ கைக்கொண்டிருக்கும் வழிதான் எனக்குச் சம்மதமில்லை.

‘ஷுவாதி’ என்று நீங்கள் சொல்லிக்கொள்கிற முறைப்படி, சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, கடிகாரத்தை வைத்து விடையளித்து, விடைப்பட்டியலோடு ஒப்பிட்டு, எத்தனை சரி எத்தனை பிழை என்று குறித்துவிட்டு, உடனே அடுத்த தாளுக்குப் போய்விடுகிறாய். காய்ச்சல் கண்டவனுக்கு நாழிகைக்கொரு தரம் வெப்பமானியை வைத்துப் பார்ப்பதனால் காய்ச்சல் தணிந்துவிடாது அல்லவா? பிழை எங்கே நேர்ந்தது என்று அறிந்தாய். ஏன் நேர்ந்தது என்று விசாரிக்கவில்லை. அந்த விசாரணைதான் பயிற்சி.

ஆதலால் இனி இவ்வாறு செய். ஒரு பத்தியை எடுத்து, பரீட்சையில் செய்வது போலவே கடிகாரத்தை வைத்து வாசித்து விடைகளைக் குறி. ஆனால் விடைப்பட்டியலைத் திறவாதே. மறுநாள் அதே பத்தியைக் கடிகாரமில்லாமல், வேண்டிய அவகாசம் எடுத்துக்கொண்டு, அகராதியின் உதவியின்றி மீண்டும் வாசித்து, மாற்றவேண்டும் என்று தோன்றுகிற விடைகளை வேறு நிற மையினால் மாற்று. அதன் பின்னரே பட்டியலைப் பார். முதல் நாள் பிழையாயிருந்து இரண்டாம் நாள் சரியானவை வேகக் குறைவினால் நேர்ந்த பிழைகள். இரண்டு நாளும் பிழையாகவே நின்றவை அர்த்தம் விளங்காமையால் நேர்ந்தவை. இவ்விரண்டு நோய்களுக்கும் மருந்து வேறு. இரண்டாம் வகைப் பிழை ஒவ்வொன்றுக்கும், விடைக்கு ஆதாரமான வாக்கியம் எது என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறவரையில் அந்தப் பத்தியை விடாதே. இப்படி ஒரு தாளை முடிக்க ஒரு வாரம் ஆகலாம். ஆனால் அந்த ஒரு தாள் உனக்குக் கற்பிப்பதை, ஓடிக் கடந்த இருபது தாள்கள் கற்பித்திரா.

அர்த்தம் விளங்காமைக்குச் சொற்கள் தெரியாததே காரணம் என்று நீ எழுதியிருந்தாய். ஓரளவுக்கு அது மெய்யே. ஆயினும் நீ அனுப்பியிருந்த பத்திகளில் நீ தவறிய இடங்களைப் பார்த்தபோது, சொல் ஒவ்வொன்றும் உனக்குத் தெரிந்திருந்தும் வாக்கியம் உனக்குப் பிடிபடாத இடங்களே மிகுதியாக இருக்கக் கண்டேன். இதற்கு மூலம் மொழிகளின் அமைப்பிலேயே இருக்கிறது. ‘நேற்று வந்த ஆசிரியர்’ என்று சீனத்தில் சொல்ல வேண்டுமானால், வந்தார் என்ற செய்தியை முன்னே வைத்து, ‘த’ என்னும் சிறிய இடைச்சொல்லால் பிணைத்து, ஆசிரியரைக் கடைசியில் கொண்டுவருகிறீர்கள்; நாங்களும் பெயரெச்சத்தைக் கொண்டு அதையேதான் செய்கிறோம். ஆங்கிலமோ ஆசிரியரை முதலில் நிறுத்திவிட்டு, அவர் எப்போது வந்தார், எங்கிருந்து வந்தார், எதற்காக வந்தார் என்கிற விசேஷணங்களையெல்லாம் அவருக்குப் பின்னால் வரிசையாகத் தொடுத்து, அவர் என்ன செய்தார் என்ற பிரதான வினையை அந்த வரிசைக்கு அப்பால், சில சமயம் பதினைந்து சொற்களுக்கு அப்பால், வைக்கிறது. இடையில் வந்த வினையையே பிரதான வினை என்று எண்ணிக்கொண்ட வாசகர், வாக்கியத்தின் முடிவில் திகைத்து நின்று, திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறார். உன் 40 நிமிஷத்தில் பெரும்பகுதி இந்தத் திரும்பிச் செல்லுதலில்தான் கரைந்துபோகிறது.

நான் முன்னே சொன்ன சகாயம் இதுதான். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்றுக்காகக் கடைசிச் சொல் வரையில் பொறுத்திருக்க நீ ஏற்கனவே பழகியிருக்கிறாய். அந்தப் பொறுமையை ஆங்கிலத்துக்கும் கொண்டுவா. தினமும் ஐந்து நீண்ட வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் எழுவாயின் கீழும் பிரதான வினையின் கீழும் கோடிட்டு, நடுவிலுள்ளதை மனத்தினால் அடைப்புக்குள் இட்டு ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய நாலைந்து சொற்களை மட்டும் படி. எலும்பு புலப்பட்ட பிறகு, ஒதுக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொள். சில வாரங்களில், கோடு இடாமலேயே கண் அவ்விரண்டையும் தேடிக் கண்டுகொள்ளும்.

இன்னொன்று. சீனத்தில் ‘சுய்ரான்’ என்று தொடங்கினால் ‘தான்ஷ்’ என்ற துணைச்சொல் பின்னால் வந்து, இங்கே கருத்து திரும்புகிறது என்று வாசகரை எச்சரிப்பது வழக்கம். ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ என்று வாக்கியத்தின் தலையில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். திருப்பம் வருகிற இடத்தில் ஒரு காற்புள்ளியைத் தவிர வேறு எச்சரிக்கை இராது. அந்த முதற்சொல்லைக் கண் தாண்டிவிட்டால், ஆசிரியர் ஒப்புக்கு விட்டுக்கொடுத்த பாதியை அவருடைய சொந்த அபிப்பிராயமாக எடுத்துக்கொண்டுவிடுவாய். வாக்கியத்துக்கு நேர்கிற இதே ஆபத்து பத்தி முழுவதற்கும் நேர்வதுண்டு. இத்தேர்வில் வருகிற பத்திகள் பெரும்பாலும் பத்திரிகைக் கட்டுரைகளின் பாங்கில் அமைந்தவை. அக்கட்டுரையாசிரியர்களில் பலர், உலகத்தார் பொதுவாக நம்புகிற ஒன்றை முதலில் ஆதரவான குரலிலேயே எடுத்துரைத்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் பாராவில் அதை மறுக்கத் தொடங்குவார்கள். ‘ஆசிரியரின் கருத்து யாது?’ என்ற வினாவுக்கு முதல் பாராவிலிருந்து விடை எடுத்தவர் அநேகமாகத் தவறியே போவார். ஆகவே ஒவ்வொரு பாராவையும் முடித்தவுடன், ‘இதைச் சொல்கிறவர் யார்? ஆசிரியரா, அவர் மறுக்கப்போகிறவரா?’ என்று உன்னையே கேட்டுக்கொள்.

தவறான விடைகள் எப்படிச் சமைக்கப்படுகின்றன என்பதையும் நீ அறிந்திருக்க வேண்டும். பத்தியின் சொற்களையே அப்படியே எடுத்து, காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் புரட்டி வைப்பது ஒரு வகை. ‘சிலர்’ என்றிருந்ததை ‘எல்லாரும்’ ஆக்குவது இன்னொரு வகை. எல்லாவற்றிலும் வஞ்சகமானது, உலகத்தில் உண்மையாகவே இருக்கக்கூடிய, ஆனால் இந்தப் பத்தியில் எங்கும் சொல்லப்படாத ஒன்றை விடையாக வைப்பது. புத்திசாலியான மாணவர்கள்தாம் இதில் அதிகமாக அகப்படுகிறார்கள். ஏனெனில் அவர்களுக்கு வெளி உலகம் தெரியும். வாசிப்பு என்பது, நமக்குத் தெரிந்ததைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னொருவர் சொல்வதை அவர் சொன்ன அளவிலேயே, கூட்டாமலும் குறைக்காமலும், கேட்டுக்கொள்ளும் மரியாதை. இந்த மரியாதை பரீட்சைக்கு மட்டும் உரியதன்று என்பதாலேயே, இப்பயிற்சியை அற்பமென்று எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

பரீட்சை மண்டபத்துக்கான ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வருகிற கோடிட்ட இடங்களில் ஒவ்வொன்றுக்கும் 3.55 மதிப்பெண், நீண்ட கட்டுரையில் எந்தக் கூற்று எந்தப் பாராவுக்கு உரியது என்று பொருத்துவதற்கு ஒவ்வொன்றுக்கும் 7.1, கடைசியில் வருகிற இரண்டு ஆழ்ந்த வாசிப்புப் பத்திகளிலோ வினா ஒன்றுக்கு 14.2. தாளின் வரிசைப்படியே சென்று, பதினைந்து சொற்களிலிருந்து பத்தைத் தேர்ந்து நிரப்புகிற முதற்பகுதியிலேயே பாதி அவகாசத்தைச் செலவிட்டுவிட்டு, நான்கு மடங்கு மதிப்புள்ள கடைசிப் பகுதியை அவசரத்தில் ஊகித்துவிட்டு எழுந்து வருகிறவர்கள் உண்டு. நீ கடைசிப் பகுதியை முதலில் செய். கோடிட்ட இடங்களை இறுதிக்கு வை. அங்கே சொற்களைப் பெயர், வினை, உரிச்சொல் என்று முதலில் வகைப்படுத்திக்கொண்டு, வினைகளின் வடிவத்தைக் கவனி. சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாததனால், உங்கள் கண் அந்த ஈறுகளைப் பாராமலே போய்விடுவது இயல்பு.

அவகாசம் போதாது என்ற உன் பயமும் அவ்வளவுக்கு ஆதாரமுள்ளதன்று. உங்கள் கல்வி அமைச்சு 2007-இல் வகுத்த கல்லூரி ஆங்கிலப் பாட வரையறைப்படி, சாதாரண வாசிப்புக்கு நிமிஷத்துக்கு 70 சொல்லும், நீண்டதாயினும் கடினமில்லாத கட்டுரைக்கு 100 சொல்லும் போதுமானவை. ஏறக்குறைய 1,000 சொற்களுள்ள நீண்ட கட்டுரைக்குப் பத்து நிமிஷம். 350 சொற்களுக்கு மிகாத இரு பத்திகளுக்குமாகப் பத்து நிமிஷம். கோடிட்ட பத்திக்கு மூன்று நான்கு நிமிஷம். வினாக்களைச் சிந்திக்க இன்னும் பதினாறு நிமிஷம் கையில் இருக்கும். திரும்பித் திரும்பிப் படிக்காதவர்களுக்கு மட்டும்.

சொற்களைப் பற்றி: அகரவரிசைப் பட்டியலை முதற்பக்கத்திலிருந்து மனனம் செய்கிற வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. எந்த மாணவரின் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் முதல் எழுத்தின் பக்கங்கள் கசங்கியும், பின்னாலுள்ளவை புத்தம்புதியனவாயும் இருக்கின்றன. சொல்லுக்கு உயிர் அதன் அயலிலுள்ள சொற்களால் வருகிறது. தனியே பறித்தெடுத்து மனத்தில் இட்டால் அது வாடிவிடும். கைப்பேசியில் விரல் பட்டவுடன் அர்த்தம் தோன்றுகிற வசதியையும் முதல் வாசிப்பில் உபயோகிக்காதே. ஊகிப்பதற்கு மனம் செய்கிற பிரயத்தனமே அந்தச் சொல்லை நினைவில் நிறுத்துவது. சுலபமான புத்தகங்களை நிறைய வாசி. எல். ஜி. அலெக்சாண்டர் 1967-இல் வெளியிட்ட ‘நியூ கான்செப்ட் இங்கிலிஷ்’ நான்கு தொகுதிகளையும் சீனத்தில் ஒப்புவிக்கும் பாடங்களாகவே பயன்படுத்துகிறார்கள். நீ அதன் இரண்டாம் மூன்றாம் தொகுதிகளை ஒரு முறையாவது கதைகளாக, அடுத்து என்ன நடந்தது என்று அறியும் ஆவலோடு வாசித்துப் பார். அதிகாலையில் பல்கலைக்கழகத்து மரத்தடிகளில் நின்று உரக்கப் படிக்கிற உங்கள் அழகிய வழக்கம் காதுக்கும் நாவுக்கும் மிக நல்லது, அதை விட்டுவிடாதே. ஆனால் உரக்கப் படிக்கையில் குரல் கருத்தை முந்திக்கொண்டு ஓடிவிடுவதுண்டு. கிரகிக்கும் பயிற்சிக்கு மௌனமே ஏற்றது.

வாசித்தவற்றுக்குக் குறிப்பு எழுது. சிங்ஹுவாவில் பயின்று பின் ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற உங்கள் பேரறிஞர் சியென் சோங்ஷு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், லத்தீன் முதலிய மொழிகளில் தாம் வாசித்தவற்றுக்கெல்லாம் வாழ்நாள் முழுவதும் குறிப்பு எழுதி வந்தார். 1998-இல் அவர் மறைந்த பின்னர் அக்குறிப்பேடுகள் பல தொகுதிகளாக அச்சேறின. உனக்கு அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு பத்தியையும் முடித்து, புத்தகத்தை மூடிவிட்டு, அதன் தாத்பரியத்தை ஒரே வாக்கியத்தில் உன் சொந்த நடையில், சீனத்திலோ தமிழிலோ, எழுது. எழுத வராவிட்டால் பத்தி விளங்கவில்லை என்று பொருள். எழுத வந்துவிட்டால் அந்தப் பத்தியைப் பற்றிய வினாக்களில் பாதிக்கு அந்த வாக்கியத்திலேயே விடை இருக்கும்.

பரீட்சைக்கு முந்தின வாரத்தில் புதிய தாள் எதையும் தொடாதே. நீ ஊன்றி ஆராய்ந்து முடித்திருக்கும் பழைய தாள்களையே திரும்ப வாசி. கேட்டறியும் பகுதிக்கு நீங்களே கொண்டுபோக வேண்டிய வானொலிக் காதுக்கருவியில் மின்கலம் இருக்கிறதா என்று முதல் நாள் மாலையே பார்த்துக்கொள். இதுவரை நீ எழுதியிருக்கும் ஒற்றை வாக்கியச் சுருக்கங்களில் உனக்குத் திருப்தியில்லாத மூன்றையும், அவற்றின் மூலப் பத்திகளையும் சேர்த்து அடுத்த கடிதத்தோடு அனுப்பு, திருத்தி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் நலத்தை நாடும்
ஆசிரியர்