பாவும் ஊடையும்: நெசவுச் சொற்கள் சில

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல் ‘பாவு’. நாடாவின் வழியே குறுக்காக ஓடுவது ‘ஊடை’. நெய்வதற்கு முன்பே நூலை ஆங்காங்கே இறுகக் கட்டிச் சாயம் தோய்க்கும் முறை ‘இக்கத்’. மலாய் மொழியில் இச்சொல்லுக்குக் ‘கட்டுதல்’ என்பது பொருள். தெலங்கானாவின் போச்சம்பள்ளி இதற்குப் பெயர்பெற்றது. குஜராத்தின் பாட்டன் நகரப் பட்டோலாவிலோ பாவு, ஊடை இரண்டுமே இவ்வாறு சாயமேற்றப்படுகின்றன. ஒரு சேலைக்குப் பல மாத உழைப்பு தேவை. அதன் உயர்ந்த விலைக்குக் காரணமும் அதுவே.

அச்சிட்ட துணியும் இப்பெயர்களில் விற்கப்படுவதுண்டு. வாங்குமுன் சேலையைத் திருப்பிப் பாருங்கள். மறுபுறம் வண்ணம் மங்கியிருப்பின் அது பெரும்பாலும் அச்சு. இருபுறமும் ஒன்றுபோல் விளங்கி, உருவின் விளிம்பு சற்றே கலங்கியிருப்பது இக்கத்தின் இயல்பு. கைத்தறி முத்திரையையும், தூய பட்டுக்குரிய பட்டு முத்திரையையும் கேட்டுப் பெறுங்கள். சொல்லறிந்து வாங்கினால், நம் பணமும் நெசவாளரின் கூலியும் ஒருங்கே காக்கப்படும்.