பூட்டிய அறையும் பூனையும்

சென்ற கோடையில், அண்டை வீட்டார் பூட்டிச் சென்ற சரக்கறையில் நம் வீட்டுப் பூனை அகப்பட்டுக் கத்திற்று. சுவரேறிப் புகலாமா? உரியவர் இசைவின்றிப் புகுதல் முறையன்று. தொலைபேசியில் கேட்டிருக்கலாம், ஆயின், மதிற்சுவர்ப் பூசலால் ஈராண்டுகளாகப் பேச்சில்லை. தயங்கித் தயங்கி ஒரு பகலைக் கழித்தோம்.

கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் ஆகிய ஐந்தும் அஹிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். பூட்டியவர் அறியார், அறிந்தும் வாளாவிருந்த நாமே ஐந்தாவதற்கு ஆளானோம்.

மாலையில் அழைத்தோம். "டீச்சரம்மா, சாவி எதிர்வீட்டில் இருக்கிறது, உடனே திறந்துவிடுங்கள்" என்றார். உரியவரை அறியவே இயலாதபோது 101 எண்ணில் தீயணைப்புத் துறையினரின் உதவியை நாடலாம்.

பிள்ளைகளே, சிந்திப்பீர்: அன்று பூனையை அடைத்து வைத்தது அண்டை வீட்டுக் கதவா, நம் மான கஷாயமா?