தீபாவளி முடிந்து யார் திரும்பி வருவார்கள்?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவனுக்கு, தீபாவளி விடுமுறை முடிந்து கதவு திறக்கும் திங்கட்கிழமைதான் ரிசல்ட் வரும் நாள். போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பியிருக்கிறார்கள் என்று எண்ணவே வேண்டாம். காலை எட்டரைக்கு மெஷின் சத்தத்தைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

2021 நவம்பரில் அந்தச் சத்தம் மெலிந்திருந்தது. 86 பேர் இருந்த இடத்தில் 55 பேர் வந்திருந்தார்கள். கொரோனாவின் இரண்டு அலைகளையும் தாண்டி, பையர்கள் நிறுத்தி வைத்திருந்த ஆர்டர்களையெல்லாம் அடுக்கடுக்காக அனுப்பிக்கொண்டிருந்த நேரம். நூல் விலை ஏறிக்கொண்டே போனது. ஆனாலும் வேலைக்குக் குறைவில்லை. செய்யத்தான் ஆளில்லை.

மூன்றாம் நாள் கட்டிங் மாஸ்டர் வந்தார். பதினோரு வருஷம் எங்களிடம் இருந்தவர். எப்போது வந்தாலும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துதான் பேசுவார். அன்றைக்கு உட்காரவில்லை.

“செட்டில்மெண்ட் போட்டுடுங்க சார்.”

இன்னொரு கம்பெனியில் 32,000 தருகிறார்களாம். எங்களிடம் 28,000. “அதே முப்பத்திரண்டை நானும் தர்றேன் மாஸ்டர்” என்றேன். அவர் லேசாகச் சிரித்தார்.

“நாலாயிரத்துக்காகப் போகலீங்க சார். லாக்டவுன்ல நாலு மாசம் பாதிச் சம்பளம் குடுத்தீங்க. காசில்லைன்னீங்க, நம்புனேன். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்னீங்க, அதையும் நம்புனேன். காசு வந்தப்புறம் நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே.”

மாதம் 14,000 வீதம் நாலு மாதத்துக்கு 56,000 ரூபாய். நான் மறந்தே போயிருந்தேன். அவர் வீட்டில் அந்தப் பணத்துக்கு ஒரு செலவு காத்துக்கொண்டிருந்திருக்கும். போதாததற்கு, அந்த ஆகஸ்டில் வாங்கிய புதுக் காரை, இவர்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிடும் வேப்பமரத்து நிழலில்தான் தினமும் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. தொழில் படுத்துக் கிடக்கும்போது யாரும் வேலையை விடுவதில்லை. விட்டால் போக இடமில்லை. ஆனால் போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு செய்வது அப்போதுதான். ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் ‘டெய்லர் தேவை’ அட்டை தொங்க ஆரம்பித்ததும் கிளம்புகிறார்கள். நாம் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கம்பெனிக்காரன் ஆளை இழுத்துவிட்டான் என்று திட்டுகிறோம்.

அடுத்த சுற்றுக்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலைவாசி ஏறி, கடைகளில் பழைய துணியே தேங்கியது. 2023 முழுக்க எங்கள் கம்பெனி ஒன்றரை ஷிப்டிலிருந்து ஒரு ஷிப்டுக்கு இறங்கியது. 2024-இல் காற்று மறுபடி மாறியது. ஆகஸ்டில், நமக்குப் போட்டியான வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்த பிறகு ஆர்டர் கேட்டு பையர்கள் விசாரிப்பது இன்னும் கூடியது. அந்த வருஷத் தீபாவளி அக்டோபர் 31. விடுமுறை முடிந்து திறந்தபோது 79 பேரில் 75 பேர் மெஷினில் இருந்தார்கள். வராத நாலு பேரில் இரண்டு பேருக்குக் கல்யாணம்.

இந்த இரண்டு தீபாவளிகளுக்கும் நடுவில் நான் மாற்றிக்கொண்டவற்றைச் சொல்கிறேன். பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

குறைத்ததை எழுதி வையுங்கள்

2023-இல் சம்பளத்தில் கை வைக்காமல் சமாளிக்க முடியவில்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு ஐந்து மாதம் 20 சதவீதம் நிறுத்திவைத்தேன். ஷிப்ட் ஆட்களுக்கு மாதாந்திர வருகை ஊக்கத்தொகையை நிறுத்தினேன். இந்த முறை ஒரு நீள நோட்டு வாங்கி, யாருக்கு எந்த மாதம் எவ்வளவு நிறுத்தினோம் என்று எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு நானும் கையெழுத்துப் போட்டேன். நோட்டு அக்கவுண்ட்ஸ் மேஜையிலேயே இருந்தது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

2024 ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என மூன்று தவணையில் திருப்பிக் கொடுத்தேன். தீபாவளி வரைக்கும் இழுக்காததற்குக் காரணம் உண்டு. போனஸ் சட்டப்படி அவர்களுக்குச் சேரவேண்டியது, 8.33 சதவீதத்தில் ஆரம்பித்து 20 சதவீதம் வரை. பழைய பாக்கியையும் அந்தக் கவரிலேயே போட்டால், போனஸைத்தான் கூட்டிக் காட்டுகிறான் என்று நினைப்பார்கள். கடனைக் கடனாகவே அடைக்க வேண்டும்.

இன்னொன்று: சம்பளத்தைக் குறைக்கவில்லை என்று ஷிப்ட் ஆட்களிடம் பெருமை பேசாதீர்கள். ஒன்றரை ஷிப்ட் ஒன்றானாலே வாரக்கூலியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் கவரைப் பிரிக்கிறவருக்கு அதுதான் சம்பளக் குறைப்பு. இதை நான் உணர்ந்த பிறகு, ஆர்டர் எவ்வளவு இருக்கிறது, எத்தனை வாரத்துக்கு வேலை இருக்கிறது என்று திங்கட்கிழமைதோறும் போர்டில் எழுத ஆரம்பித்தோம். கெட்ட செய்தி என்றாலும் முன்கூட்டித் தெரிந்தால் வீட்டுச் செலவை அதற்கேற்பச் சுருக்கிக்கொள்வார்கள்.

யார் போனால் எது நிற்கும்?

ஒருநாள் மாலை ஒரு தாளில் எல்லோர் பெயரையும் எழுதி, இவர் நாளை வராவிட்டால் எது நிற்கும் என்று எதிரே எழுதினேன். சம்பளப் பட்டியலுக்கும் இந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை.

புதுக் கட்டிங் மாஸ்டர் முதலில் வந்ததில் ஆச்சரியமில்லை. பனியன் விலையில் பாதிக்கு மேல் துணிதான். துணியில் வெட்டும் அச்சுகளை அடுக்கும் மார்க்கரை நெருக்கிப் போடத் தெரிந்தவர் நூறு கிலோவில் இரண்டு கிலோ மிச்சப்படுத்தினால், அது நம் லாபத்தில் ஒரு நல்ல பங்கு. அடுத்தது சாம்பிள் டெய்லர். அவர் தைக்கும் ஒரு பீஸை நம்பித்தான் பையர் ஆயிரக்கணக்கில் ஆர்டர் தருகிறார். மூன்றாவது, அப்பா காலத்திலிருந்து இருக்கும் செக்கிங் அக்கா. பையரின் ஆள் வந்து ரிஜெக்ட் பண்ணுவதற்கு முன்னால் அவர் பண்ணிவிடுவார்.

நான் எதிர்பார்க்காத பெயர், ஒடிசாவிலிருந்து வந்த ஒரு ஓவர்லாக் டெய்லர். தையலில் சுமார்தான். ஆனால் எங்களிடம் இருந்த பதினான்கு ஒடிசாப் பையன்களும் அவர் சொல்லி வந்தவர்கள். ரூம் பிரச்சினை, ஆஸ்பத்திரி, ஊருக்குப் பணம் அனுப்புவது எல்லாம் அவர் தலையில். அவர் பையைத் தூக்கினால் ஒரு லைனே காலி. அந்த வேலைக்கு அதுவரை நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. இப்போது மாதாமாதம் தனியாக ஒரு தொகை.

நீங்களும் எழுதிப் பாருங்கள். உங்கள் கம்பெனியிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

ராஜினாமாவுக்குப் பிறகு கூட்டாதீர்கள்

மாஸ்டரிடம் நான் செய்த தவறை 2022-இல், பையர்களோடு ஆர்டர் பேசும் ஒரு மெர்ச்சண்டைசர் பெண்ணிடமும் செய்தேன். “வேற எடத்துல கூப்புட்டுருக்காங்க சார்” என்றதும் பதறி ஆறாயிரம் கூட்டினேன். நாலு மாதத்தில் அவர் போய்விட்டார். அதற்குள் மற்ற மூன்று மெர்ச்சண்டைசர்களும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: இங்கே சம்பளம் கூட வேண்டுமென்றால் வேறு கம்பெனி ஆஃபரோடு வர வேண்டும்.

இதைவிட மோசமானது, புது ஆளுக்கு ஒரு ரேட், பழைய ஆளுக்கு ஒரு ரேட். தொழில் சூடு பிடிக்கும்போது ஆள் கிடைக்காமல் ஷிப்டுக்கு ஐம்பது ரூபாய் கூட்டிப் புது டெய்லரை எடுக்கிறோம். இது ரகசியமாக இருக்கும் என்று நினைப்பது நம் அறியாமை. சம்பள நாள் சாயங்காலமே டீக்கடையில் தெரிந்துவிடும். எட்டு வருஷம் இருந்தவருக்கு, இத்தனை நாள் இருந்ததுதான் தப்பு என்று தோன்றும். புது ரேட் எந்த வாரம் வருகிறதோ அதே வாரம் பழைய ஆளுக்கும் வரட்டும். செலவு கூடும்தான். நல்ல டெய்லர் ஒருவர் போய், புது ஆள் வந்து, அந்த லைன் பழைய வேகத்துக்குத் திரும்பும்வரை ஆகும் நஷ்டத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு இந்த ஐம்பது ரூபாய் கசக்கவில்லை.

கிராஜுவிட்டி பற்றியும் வாய் திறந்து பேசுங்கள். ஐந்து வருஷம் முடித்தால், வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். நாலாவது வருஷத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினால், அவர் அடுத்த வருஷத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்.

மிச்சமிருப்பவர்களின் முதுகு

மந்தத்தில் ஆளைக் குறைக்கிறோம். இருப்பவர்கள் இரண்டு ஆள் வேலையை இழுத்துப் பிடிக்கிறார்கள். ஆர்டர் திரும்பியதும், ‘இத்தனை பேரே போதும் போலிருக்கே’ என்று நமக்கு ஒரு ஆசை வரும். அந்த ஆசைதான் நல்ல ஆட்களைத் துரத்துகிறது.

2021-இல் ஏழு பேர் செய்த செக்கிங்கை நாலு பேர் செய்தார்கள். அக்கா ஒருநாள் மேஜையில் பீஸைப் போட்டுவிட்டு, “ஏந் தம்பி, கண்ணு ரெண்டுதான இருக்குது எனக்கு?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. மறு வாரம் மூன்று பேரைச் சேர்த்தேன்.

மெர்ச்சண்டைசர்கள் கதை வேறு. நியூயார்க்கில் பையர் காலை காபி குடிக்கும்போது இங்கே வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். ராத்திரி பதினொன்றுக்கு வாட்ஸ்அப் வரும், அதற்கு நானே ‘ரிப்ளை பண்ணுங்க’ என்று இன்னொன்று போடுவேன். இப்போது எட்டு மணிக்கு மேல் வரும் செய்திக்கு முறை வைத்து ஒருவர் மட்டும் பதில் சொல்கிறார். மறுநாள் அவர் பதினொரு மணிக்கு வந்தால் போதும். எந்த பையரும் இதற்காக ஆர்டரை நிறுத்தவில்லை.

திரும்பி வர டிக்கெட்

தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூர் ஸ்டேஷனுக்குள் வருவதைத் தீபாவளிச் சமயத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு என்று. வட மாநிலப் பையன்கள் போவதற்கு எப்படியாவது டிக்கெட் பிடித்துவிடுவார்கள். திரும்புவதற்கு இருக்காது. அங்கே தீபாவளியை அடுத்து வரும் சாத் பூஜை முடிந்து, டிக்கெட் இல்லாமல் ஊரிலேயே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு, அங்கேயே ஓர் ஏஜென்ட் வேறு ஊர் வேலையைக் காட்டுவான். ஆள் விசுவாசமில்லாமல் போய்விட்டான் என்று நாம் இங்கே பேசிக்கொண்டிருப்போம்.

2024-இல் முன்பதிவு 120 நாளுக்கு முன்பே திறந்தது. அந்தந்த நாள் காலையில் ஆபீஸ் பையன்கள் இருவர் உட்கார்ந்து, போக வர இரண்டு டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள். திரும்பி வரும் டிக்கெட் கம்பெனி செலவு. அந்த நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளாகக் குறைந்துவிட்டது. காலண்டரில் தேதியை இன்னும் கவனமாகக் குறித்து வைக்க வேண்டும். நான் செய்ததிலேயே குறைந்த செலவில் அதிகப் பலன் தந்தது இதுதான்.

போகிறவரை நன்றாக அனுப்புங்கள்

சிலர் போகத்தான் செய்வார்கள். சொந்தமாக நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்க நினைப்பவரைத் தடுக்கக் கூடாது. இந்த ஊர் அப்படித்தான் வளர்ந்தது. பாக்கியைப் பத்து நாள் இழுத்தடிப்பது, பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் பதியாமல் அலையவிடுவது எல்லாம் அவரைத் தண்டிப்பதாக நினைத்துச் செய்கிறோம். உள்ளே இருக்கும் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாளைக்கு நமக்கும் இதுதான் என்று.

மாஸ்டர் திரும்பி வரவில்லை. அவருடைய 56,000-ஐ 2022 பொங்கலுக்கு முன்னால் அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், காபி கொடுத்தார். திரும்பி வருகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பணத்துக்கு மரியாதை இருந்திருக்காது.

இதையெல்லாம் நான் ஜெயித்துவிட்டதாக எழுதவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியது. எங்கள் ஆர்டரில் பாதி அந்த நாட்டுக்குப் போவது. பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள், சிலர் நிறுத்திவைக்கச் சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமை போர்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அரை ஷிப்டை நிறுத்துகிறோம், ஊக்கத்தொகையையும் இப்போதைக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

செக்கிங் அக்காதான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

“செரி தம்பி. அந்த நோட்டை எடு. முதல்ல என் பேரை எழுது.”