புதிய தங்கமீனுக்குத் தனித்தொட்டி ஏன்?

தங்கமீன் நம் நாட்டு மீன் அன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவில், குளத்து மீன்களிடையே பொன்னிறமாகத் தோன்றியவற்றைத் தனியே பிரித்து வளர்த்ததிலிருந்து வந்த இனம் அது. இன்று தர்மபுரிக் கடைத்தெருவிலும் பிராணவாயு நிரப்பிய பாலிதீன் பையில் அதைக் காணலாம். வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்போன சென்னைக் கொளத்தூரிலிருந்து புறப்பட்டால், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம். பண்ணைக் குளம், மொத்த வியாபாரியின் தொட்டி, சில்லறைக் கடையின் தொட்டி என்று பல இடங்களில் வேறு மீன்களோடு நீரைப் பகிர்ந்துகொண்ட பிறகே அது உங்கள் கைக்கு வருகிறது.

அந்தப் பையை வீட்டுத் தொட்டியில் அப்படியே கவிழ்த்துவிடலாமா? மீன் துடிப்பாக நீந்துகிறது. உடலில் ஒரு புள்ளியும் இல்லை. கடைக்காரரும் "ஒன்றும் ஆகாது" என்கிறார். ஆயினும் கூடாது. ஏன் கூடாது என்பதைக் காண்போம்.

வந்தவரைச் சில நாள் ஒதுக்கி வைக்கும் வழக்கம் மனிதரிடையே பழையது. பிளேக் நோய்க்கு அஞ்சி, இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரம், நோயுள்ள இடங்களிலிருந்து வந்தோரை 30 நாட்கள் வெளியே நிறுத்திவைக்க 1377இல் சட்டம் செய்தது. பின்னர் அது 40 நாட்களாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் 'குவாரன்டா' என்ற சொல்லிலிருந்தே 'குவாரன்டைன்' பிறந்தது. நீர்வாழ் உயிர்களுக்கான இத்தகைய நிலையம் நம் மாநிலத்திலேயே உண்டு. 1990களில் வெண்புள்ளி வைரஸால் இறால் பண்ணைகள் பெரும் நட்டம் கண்டன. பிறகு வன்னாமை என்னும் அயல்நாட்டு இறாலை வளர்க்க அனுமதி தந்தபோது, இறக்குமதியாகும் தாய் இறால்களை முதலில் ஒதுக்கி வைத்துச் சோதிக்க 2009இல் சென்னை நீலாங்கரையில் நிலையம் அமைத்தார்கள்.

தங்கமீனுக்கும் வெண்புள்ளி நோய் வரும். பெயர்தான் ஒன்று, நோய் வேறு. இறாலைக் கொல்வது வைரஸ். மீனைப் பிடிப்பது இக்தியோஃப்தீரியஸ் என்னும் ஒரு செல் உயிரி. விலங்கியல் பாடத்தில் நீங்கள் வரைந்த பாரமீசியத்துக்கு இது உறவு. உடல் முழுவதும் குற்றிழைகள் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் இதன் உட்கரு குதிரை லாடம் போல வளைந்திருக்கும்.

இதன் வாழ்க்கையில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புகுந்து, அங்கேயே தின்று வளர்கிறது. வளர்ந்த பின்பே உப்புக்கல் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளியாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. செவுளில் மட்டும் இருந்தால் புள்ளி தெரியாமலே போகலாம். அடுத்து மீனைவிட்டு விழுந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டி, உள்ளே இரண்டு, நான்கு, எட்டு எனப் பிரிகிறது. கடைசியில் கூடு உடைந்து நூற்றுக்கணக்கான குஞ்சுயிர்கள் நீந்தி வருகின்றன. இரண்டு நாட்களுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவை மடிந்துவிடும். தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து இதை அண்டாது. நீந்தும்போது மட்டுமே அழிக்க முடியும். முதல் நாளே மருந்தூற்றிவிட்டு நிம்மதியாக உட்காருவதால் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

இங்கே சிறு கணக்கு ஒன்று போடுவோம். ஒரு கூட்டிலிருந்து 500 குஞ்சுயிர்கள் வருவதாகக் கொள்வோம். பரந்த ஏரியில் அவற்றுள் ஒன்றுக்குத்தான் மீன் அகப்படுகிறது என்றால், அடுத்த தலைமுறையிலும் ஒன்றே இருக்கும், நோய் பெருகாது. கண்ணாடித் தொட்டியிலோ மீன் எங்கே போய் ஒளியும்? ஐம்பதில் ஒன்றுக்கு அகப்பட்டாலும் 10 ஆகும். அடுத்த சுற்றில் 100, அதற்கடுத்து 1000. கல்பாக்கம் அணு உலையில் நியூட்ரான்களின் பெருக்க எண்ணை ஒன்றிலேயே நிறுத்தி வைக்கிறார்களே, அதே கணக்குத்தான் இது. எண் ஒன்றுக்கு மேல் போனால் பெருக்கம். கீழே இறங்கினால் தானே அணைந்துவிடும். தனித்தொட்டியில் நாம் செய்யும் வேலை அந்த எண்ணை ஒன்றுக்குக் கீழே தள்ளுவதே.

அதற்குப் பெரிய செலவு வேண்டாம். 40 லிட்டர் கொள்ளும் தொட்டியோ பிளாஸ்டிக் டப்போ போதும். மணலும் கல்லும் போடாதீர்கள். அடிப்பகுதி வெறுமையாக இருந்தால்தான் ரப்பர்க் குழாயால் அழுக்கை உறிஞ்சி எடுக்க முடியும். 25 பாகை செல்சியஸில் கூடு உடைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். காலையும் மாலையும் அடியை உறிஞ்சி எடுத்தால், உடையுமுன்பே பல கூடுகள் வெளியேறிவிடும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் குறையும். காற்றுக் குமிழி விடும் சிறு பம்ப்பும் பஞ்சு வடிகட்டியும் வையுங்கள். இத்தொட்டியின் வலையும் குழாயும் பெரிய தொட்டிப் பக்கமே போகக்கூடாது. ஈரக் கையும் அப்படித்தான்!

உப்பு போடுவதில் ஓர் இயற்பியல் உண்டு. மீனின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புக்குச் சமமான கரைபொருள்கள் உள்ளன, வெளியே நன்னீர். எனவே சவ்வூடு பரவலால் நீர் ஓயாது உள்ளே புகுகிறது. அதை வெளியேற்றுவதற்கே மீன் தன் ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. நீரில் லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு சேர்த்தால் இருபுற வேறுபாடு குறைந்து, பயணத்தில் களைத்த மீன் சற்று ஆறும். நீந்தும் குஞ்சுயிர்களுக்கு அது தொல்லையுமாகும். 40 லிட்டருக்கு 120 கிராம். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நாட்களில் பிரித்துப் போடுங்கள்.

எத்தனை நாள் வைப்பது? வெப்பநிலையைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். 24 முதல் 26 பாகை வரை இருந்தால் இந்த உயிரியின் ஒரு சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 7 பாகையில் ஐந்து வாரத்துக்கும் மேலாகும். நம் ஊரில் அவ்வளவு குளிர் இல்லை. எனினும் மார்கழி, தை மாதங்களில் இரவில் தொட்டி நீர் நன்றாகக் குளிர்ந்துவிடுகிறது. சித்திரையில் போதுமான நாட்கள் அப்போது போதா. நான்கு வாரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆர்குலஸ் என்னும் மீன்பேன் தொட்டிச் சுவரில் இடும் முட்டைகள் பொரிக்க இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதும் இதற்கு ஒரு காரணம். இடையில் புள்ளி தோன்றினால், அது மறைந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

முதல் நாள் பையைத் திறக்காமல் 20 நிமிடம் தனித்தொட்டி நீரில் மிதக்கவிடுங்கள்; இரு நீரும் ஒரே வெப்பநிலைக்கு வரும். பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பை நீர் வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீராயினும் வேறு குழாய்நீராயினும் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்த பின்பே பயன்படுத்த வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானது. தங்கமீன் அதைத் தாங்கும். ஆனால் திடீர் மாற்றத்தைத் தாங்காது. பெரிய தொட்டியில் எந்த நீரோ, தனித்தொட்டியிலும் அதே நீர் இருக்கட்டும். உப்பிட்டிருந்தால், கடைசி வாரத்தில் சாதா நீரை மாற்றி மாற்றி ஊற்றி அதைக் குறைத்துவிடுங்கள்.

நோயுற்ற மீனைக் கண்டு மனம் பொறுக்காமல் ஏரியிலோ வாய்க்காலிலோ விடுவோர் உண்டு. இரக்கம்தான், ஆனால் தவறான இரக்கம். தொப்பையாறு, வாணியாறு போன்ற நம் நீர்த்தேக்கங்களில் வளரும் கட்லாவும் ரோகுவும் தங்கமீனின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வெண்புள்ளி உயிரியும் மீன்பேனும் அவற்றையும் பற்றும். பிடித்த மீனை விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. இறந்த மீனை மண்ணில் புதையுங்கள். தனித்தொட்டியின் கழிவுநீரை வாய்க்காலில் சேரவிடாமல், வெயில் படும் வெற்றுத் தரையில் கொட்டிக் காயவிடுங்கள். உப்பிட்ட நீர் செடிக்கு ஆகாது.